கன்சோல் பிசியைக் கெடுத்ததா? வைஸ் சிட்டி, கிரைசிஸ், அப்புறம் ஒரு 8 ஜிபி கார்டு

பத்து நாளைக்கு முன்னால் சித்தி பையன் போன் பண்ணினான். பி.காம். முடித்துவிட்டு அப்பாவின் கயிறு மில்லில் கணக்கு வழக்கு பார்க்கிறான். ஒரு வருஷமாகச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது, கோயம்புத்தூர் போய் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போகிறான். "ஏனுங்ணா, கிராபிக்ஸ் கார்டு 8 ஜிபி போதுமுங்ளா, இல்ல 12 ஜிபி எடுக்கோணுமுங்ளா?" என்று கேட்டான். "அதை பிசிக்காரன் முடிவு பண்றதில்லடா, பிளேஸ்டேஷன்காரன் முடிவு பண்றான்" என்றேன். நான் கிண்டல் பண்ணுவதாக நினைத்துக்கொண்டு போனை வைத்துவிட்டான்.

கிண்டல் இல்லீங்க. அவனுக்குச் சொல்ல நினைத்த நீளமான பதில்தான் இந்தக் குறிப்பு. இதை எழுத உட்கார்ந்தபோது, நானே பல வருஷமாகப் பேசிவந்த ஒரு புகாரைத் திரும்பத் தோண்டிப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. "கன்சோல்தான் பிசி கேமிங்கைப் பின்னுக்கு இழுக்குது" என்ற புகார்.

முதலில் அந்த வாதத்தை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய பட்ஜெட் கேம் எதுவும் பெரும்பாலும் ஒரே மெஷினுக்காகச் செய்யப்படுவதில்லை. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், பிசி மூன்றுக்கும் சேர்த்தே செய்கிறார்கள். மூன்றில் எது மெலிந்ததோ அதற்குத்தான் அளவெடுத்துத் தைப்பார்கள். கன்சோல் ஒரு தடவை வந்தால் ஆறேழு வருஷம் அப்படியே இருக்கும். பிசி கார்டு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாறும். ஆக, ஐந்தாவது வருஷத்தில் பிசி எங்கேயோ போயிருக்கும், கேம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும்.

இதற்குச் சாட்சி நிறைய இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் 360 2005 நவம்பரில் வந்தது. மொத்த மெமரி 512 எம்பி. பிஎஸ்3 2006 நவம்பரில் வந்தது. 256 எம்பி இரண்டு பங்கு. அதற்கடுத்த தலைமுறை வந்தது 2013 நவம்பரில். எட்டு வருஷம்! 2011-ல் நாலு ஜிபி ராம் போட்ட பிசி சாதாரணம். ஆனால் அந்த நவம்பரில் ஸ்கைரிம் வந்தபோது அதன் பிசி பதிப்பு 2 ஜிபி-க்கு மேல் மெமரியைத் தொடவே தொடாது. ரசிகர்களே சின்னதாக ஒரு டூல் செய்து அதை 4 ஜிபி வரை தொட வைத்தார்கள். அப்புறம்தான் டிசம்பரில் கம்பெனியே பேட்ச் விட்டது. இன்வெண்டரி மெனுவும் அதே கதை. பத்தடி தள்ளி சோபாவில் உட்கார்ந்து டிவியில் பார்க்கிறவனுக்காகப் போட்ட பெரிய எழுத்து, நீளமான ஒற்றை வரிசை. மவுஸ் பிடித்தவனுக்கு ஸ்கையூஐ என்ற மோட் வந்துதான் விடிவுகாலம். 2012-ல் டார்க் சோல்ஸ் பிசிக்கு வந்தபோது உள்ளே படம் 1024-க்கு 720-லேயே பூட்டிக் கிடந்தது. எந்த மானிட்டர் வைத்திருந்தாலும் அவ்வளவுதான். அதையும் ஒரு ரசிகர்தான் ஓரிரு நாளில் திறந்துவிட்டார்.

இதையெல்லாம் வைத்துத்தான் நானும் கத்திக்கொண்டிருந்தேன். ஆனால் என்னிடம் இருந்தது எந்த பிசி என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

2004 வாக்கில் நியூ ஸ்கீம் ரோட்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ஏழு கம்ப்யூட்டர், மணிக்கு இருபது ரூபாய். வெளியே போர்டில் இன்டர்நெட், ஜெராக்ஸ், ஸ்கேனிங் என்று எழுதியிருக்கும். உள்ளே போனால் அஞ்சு பேர் வைஸ் சிட்டி ஓட்டிக்கொண்டிருப்பார்கள். மிஷன் எதுவும் யாருக்கும் புரியாது, யாரும் முடித்ததும் இல்லை. சீட் கோடு எழுதின பேப்பர் துண்டு ஒன்று கீபோர்டுக்கு அடியில் நிரந்தரமாகக் கிடக்கும். டாங்கி வரவழைக்கிற கோடு தெரிந்தவனுக்குத் தனி மரியாதை. எங்களைப் பொறுத்தவரை "கம்ப்யூட்டர் கேம்" என்றால் அதுதான்.

அது கம்ப்யூட்டர் கேமே இல்லை என்று தெரிய எனக்குப் பல வருஷம் ஆனது. வைஸ் சிட்டி 2002 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 2-க்காக வந்த கேம். பிசிக்கு வந்தது 2003 மே மாதம். பிஎஸ்2-வின் மெயின் மெமரி 32 எம்பி. ஒரு முழு நகரத்தை, கடற்கரை, ரேடியோ, போலீஸ், ஹெலிகாப்டர் எல்லாவற்றையும் அந்த 32 எம்பி-க்குள் அடக்கினார்கள். அதனால்தான் பிசி பதிப்புக்கு 800 மெகாஹெர்ட்ஸ் புராசசர், 128 எம்பி ராம், 32 எம்பி வீடியோ மெமரி இருந்தால் போதும் என்று பெட்டியில் போட முடிந்தது. எங்கள் பிரவுசிங் சென்டரில் தனி கிராபிக்ஸ் கார்டு என்ற பேச்சே கிடையாது. மதர்போர்டோடு வந்ததுதான்.

அதே 2004-ல் உண்மையான பிசி கேம்கள் மூன்று வந்தன. மார்ச்சில் ஃபார் க்ரை, ஆகஸ்டில் டூம் 3, நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2. மூன்றுமே அந்தக் காலத்துக்கு அதிசயம். டூம் 3-யின் நிழல், ஃபார் க்ரையின் தீவு, ஹாஃப்-லைஃப் 2-வில் பொருட்களைத் தூக்கி எறியும் இயற்பியல். எந்தக் கன்சோலும் இழுக்காத, பிசிக்காகவே பிறந்த முன்னேற்றம். அதில் ஒன்றைக்கூட நான் அந்த வருஷம் பொள்ளாச்சியில் பார்க்கவில்லை. பத்திரிகையோடு வந்த சிடியில் ஃபார் க்ரை டெமோ இருந்தது. போட்டோம். வெள்ளைத் திரை வந்தது, பிறகு மெஷின் ரீஸ்டார்ட் ஆனது. சென்டர் அண்ணன் சிடியை வாங்கி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஏழு வருஷம் கழித்து, 2011 செப்டம்பரில், தமிழக அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. பாடம் படிக்கத்தான் கொடுத்தார்கள், சரி. பென் டிரைவில் சுற்றியது என்ன என்று அந்தக் காலத்துப் பையன்களைக் கேளுங்கள். வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ், நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.6. கடைசி ஒன்றைத் தவிர மீதி எல்லாம் பிஎஸ்2-விலும் ஓடிய கேம்கள். தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் எது ஓடுமோ அதுதான் சுற்றும். பிஎஸ்2 கட்டிவிட்டுப் போன கூரைக்கு அடியில்தான் ஒரு தலைமுறைத் தமிழ்நாட்டுப் பையன்கள் பிசி கேம் விளையாடினார்கள். பிசியைக் கன்சோல் தடுத்து வைத்திருந்தது உண்மை. அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கம்தான் நாங்கள் நின்றிருந்தோம் என்பதும் உண்மை.

இப்போது கிரைசிஸுக்கு வருகிறேன். இந்த விவாதத்தில் கடைசியில் எல்லோரும் வந்து நிற்கிற இடம் அதுதான்.

2007 நவம்பர், பிசிக்கு மட்டும் வந்தது. ஜெர்மனியின் கிரைடெக் செய்தது. காட்டுக்குள் குண்டு பட்டால் மரம் முறிந்து விழும், குடிசை தகரம் தகரமாகப் பிரியும். வந்த நாளில் அதை முழு செட்டிங்கில் ஓட்டக்கூடிய மெஷின் கிட்டத்தட்ட எங்குமே இல்லை. விற்பனை எதிர்பார்த்த மாதிரி இல்லை என்றும், திருட்டுப் பதிப்புதான் காரணம் என்றும் சொல்லி, இனி பிசிக்கு மட்டும் கேம் செய்யப்போவதில்லை என்று கம்பெனித் தலைவர் 2008-ல் அறிவித்தார். (திருட்டுப் பதிப்பில் எங்க ஊரின் பங்கு பற்றி நான் வாய் திறக்கப்போவதில்லை.) 2011 மார்ச்சில் கிரைசிஸ் 2 வந்தது, இந்தத் தடவை மூன்று மெஷினுக்கும். பிசியில் வெறும் டைரக்ட்எக்ஸ் 9. டைரக்ட்எக்ஸ் 11-ம் நல்ல டெக்ஸ்சரும் ஜூனில் பேட்ச்சாக வந்தன.

கத்தல் எல்லாம் அந்த டைரக்ட்எக்ஸ் 9 பற்றித்தான். எனக்கு இப்போது தோன்றுவது, கத்த வேண்டிய இடம் அது இல்லை. கிராபிக்ஸ் மூன்று மாதத்தில் சரியாகிவிட்டது. சரியாகாதது வேறு. முதல் கேமில் ஒரு முகாமைத் தாக்க வேண்டுமானால் கடல் வழியாக வரலாம், மலை மேலிருந்து இறங்கலாம், ஜீப்பை உள்ளே விட்டு வெடிக்க வைக்கலாம். கவசம், வேகம், பலம், மறைவு என்று உடையில் நாலு நிலை. நேரம் பார்த்து நாமே மாற்ற வேண்டும். இரண்டாவதில் தீவு போய் நியூயார்க் தெருக்கள் வந்தன. அழகான தெருக்கள்தான். ஆனால் இரண்டு பக்கமும் சுவர். உடையில் கவசமும் மறைவும் மட்டும் தனி நிலையாக நின்றன. வேகமும் பலமும் ஓடும்போதும் குதிக்கும்போதும் தானாக வந்து போகும். கன்ட்ரோலரில் பட்டன் குறைவு, மெமரியில் இடம் குறைவு. அதற்குள் செய்ய முடிந்ததை நன்றாகவே செய்தார்கள். ஆனால் நாம் யோசித்துச் செய்கிற வேலை குறைந்துவிட்டது.

இதைவிடக் கசப்பான உதாரணம் எங்கேயென்றால், முதல் கிரைசிஸையே 2011 அக்டோபரில் 360-க்கும் பிஎஸ்3-க்கும் கொண்டுபோனார்கள். விமானம் ஓட்டுகிற ஒரு லெவல், அசென்ஷன் என்று பேர், அதில் இல்லை. சரி, பழைய மெஷின், விட்டுவிடலாம். 2020-ல் ரீமாஸ்டர் செய்தபோது பிசி பதிப்பிலும் அந்த லெவல் இல்லை! அந்தக் கன்சோல் போர்ட்டை வைத்துத்தான் ரீமாஸ்டரே செய்திருக்கிறார்கள். ரே டிரேசிங் வந்தது, 2007-ல் இருந்த லெவல் வரவில்லை. பின்னால் பேட்ச்சில் சேர்த்தார்கள். படம் அழகாகி, கேம் சின்னதாகிவிட்டது.

2003-லேயே இது நடந்திருக்கிறது. டியூஸ் எக்ஸ் 2000-ல் பிசிக்காக வந்தது. ஹாங்காங் தெருவில் மணிக்கணக்கில் சுற்றலாம், ஒரு கதவைத் திறக்க அஞ்சு வழி இருக்கும். இரண்டாம் பாகம் இன்விசிபிள் வார், எக்ஸ்பாக்ஸுக்கும் சேர்த்துச் செய்தது. எக்ஸ்பாக்ஸின் மொத்த மெமரி 64 எம்பி. நாலு அடி எடுத்து வைத்தால் லோடிங். நகரம் என்று சொல்லிவிட்டு நாலு அறையைக் காட்டுவார்கள். எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா. இதில் கிராபிக்ஸ் முதல் பாகத்தைவிடப் பல மடங்கு மேல், அதுதான் வேடிக்கை. கன்சோல் பிசியிலிருந்து எடுத்துக்கொண்டது படத்தை இல்லை, இடத்தை. கிராபிக்ஸ் பற்றிய புகாரிலேயே நின்றுவிட்டதால் இந்த இழப்பை நாங்கள் யாரும் சரியாகப் பேசவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மை இல்லை. பிசியைத் தனியே விட்டிருந்தால் சரியான திசையில் ஓடியிருக்கும் என்பதும் நிச்சயமில்லை. கிரைசிஸ் இன்றைய மெஷினிலும் சில இடத்தில் திணறும். காரணம், ஒற்றை கோரின் வேகம் ஏறிக்கொண்டே போகும் என்று நம்பிக் கட்டிய இன்ஜின் அது. புராசசர் உலகம் அந்தப் பக்கம் போகவில்லை, கோர்களைப் பெருக்கியது. கன்சோல்காரர்கள் அந்த வழியை 2005-லேயே பிடித்துவிட்டார்கள். 360-க்கு மூன்று கோர். வேலையைப் பல கோருக்குப் பங்கு போடும் வித்தையை கேம் இன்ஜின்கள் பழகியதில் கன்சோலுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே 360-யின் கிராபிக்ஸ் சிப்பில் இருந்த யூனிஃபைட் ஷேடர் முறை பிசி கார்டுக்கு வந்தது 2006 நவம்பரில், ஜிஃபோர்ஸ் 8800-ல். ஒரு வருஷம் பின்னால். கன்சோலில் ஹார்டுவேரோடு நேராகப் பேசுகிற வசதி பிசியிலும் வேண்டும் என்று கேட்டுத்தான் 2013-ல் ஏஎம்டி மேன்டில் வந்தது. அதை அடித்தளமாக வைத்து 2016-ல் வல்கன். இன்று லினக்ஸில் விண்டோஸ் கேம் ஓடுவதற்கு அந்த வல்கன் ஒரு முக்கியமான காரணம். யார் யாரை இழுத்தார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது.

காசு விஷயமும் இருக்கிறது. 2015-ல் விட்சர் 3 முதலில் காட்டிய டிரெய்லர் அளவுக்கு இல்லை என்று பெரிய சண்டை வந்தபோது, சிடி ப்ராஜெக்ட்டின் மார்சின் இவின்ஸ்கி சொன்ன பதிலின் சாரம்: கன்சோல் விற்பனை இல்லாவிட்டால் இந்த அளவில் இப்படி ஒரு கேமையே செய்திருக்க முடியாது. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் வாட்ச் டாக்ஸ் விஷயத்தில் அப்படிச் சமாதானம் சொல்ல முடியவில்லை. 2012-ல் காட்டிய எஃபெக்டுகளில் சில 2014-ல் வந்த பிசி ஃபைலுக்குள்ளேயே அணைத்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு மோடர் தோண்டி எடுத்து ஓட்டியே காட்டினார்.

பிசியின் உண்மையான புதுமைகள் இந்தச் சண்டைக்கு வெளியேதான் பிறந்தன. கவுண்டர்-ஸ்ட்ரைக் ஒரு மோட், டோட்டா ஒரு மோட், பப்ஜியின் வேர் ஆர்மா மோட். எதற்கும் பெரிய கிராபிக்ஸ் இல்லை. நம்ம ஆட்கள் செய்ததையும் பாருங்கள். புனேயில் செய்த ராஜி 2020 ஆகஸ்டில் முதலில் வந்ததே நின்டெண்டோ ஸ்விட்ச்சில். கையடக்க மெஷினில் ஓடிவிட்டு, அக்டோபரில்தான் பிசிக்கு வந்தது. டொரண்டோவில் தமிழர் செய்த வெண்பா 2023-ல் கன்சோலுக்கும் பிசிக்கும் ஒரே நாளில் வந்தது. இட்லி ஊற்றுவதற்கு ஆர்டிஎக்ஸ் கார்டு வேண்டாம். அடுத்த வருஷம் அதற்கு பாஃப்டாவின் அறிமுக கேம் விருதும் கிடைத்தது.

சரி, தம்பியின் கேள்விக்கு வருகிறேன். கன்சோல் மாறாமல் நிற்கிற வருஷங்கள் நம்ம ஊருக்கு நல்ல காலம். ஒரு கார்டு வாங்கினால் அஞ்சு வருஷம் தாங்கும். அடி விழுவது கன்சோல் மாறுகிறபோது. 2013 நவம்பரில் பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் வந்தன. எட்டு கோர், 8 ஜிபி. அதே மாதம் வந்த கால் ஆஃப் டூட்டி கோஸ்ட்ஸ் 6 ஜிபி ராம் இல்லாத மெஷினில் திறக்கவே மறுத்தது; சத்தம் கிளம்பியதும் அந்தத் தடையை எடுத்தார்கள். 2014 நவம்பரில் ஃபார் க்ரை 4 வந்தது. சாதாரண டூயல் கோர் புராசசரில் கருப்புத் திரை. நான் அந்த வருஷம்தான் மிச்சம் பிடித்து ஒரு பென்டியம் டூயல் கோர் போட்டிருந்தேன். உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பெட்டி. மோட்டார் போட்டால் வோல்டேஜ் இறங்கும் என்று ஸ்டெபிலைசரும் சேர்த்து வாங்கினேன். அப்படிக் காத்த மெஷின் வோல்டேஜில் போகவில்லை, எங்கேயோ யாரோ மாற்றிய கன்சோலில் போய்விட்டது. பணக்கார பிசிக்காரனைக் கன்சோல் எட்டு வருஷம் எரிச்சல்படுத்துகிறது. ஏழை பிசிக்காரனை ஒரே நாளில் வெளியே தள்ளிவிடுகிறது.

இப்போது பிஎஸ்5-ல் 16 ஜிபி. படத்துக்கும் மற்ற வேலைக்கும் சேர்த்துத்தான் அந்த 16. பழைய பிஎஸ்4-க்கும் சேர்த்துக் கேம் செய்துகொண்டிருந்த வரை 8 ஜிபி கார்டுக்குப் பிரச்சினை இல்லை. 2023 மார்ச்சில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 1 பிசிக்கு வந்தபோது 8 ஜிபி கார்டுகள் தடுமாறின. ஷேடர் தயாராகவே பல பேருக்கு அரை மணி, ஒரு மணி. டெக்ஸ்சரை ஒரு படி குறைத்தால் சுவர் சேறு பூசின மாதிரி. பல பேட்ச்சுக்குப் பிறகு அதே கார்டில் ஒழுங்காக ஓடியது. அப்படியானால் முதல் நாள் தப்பு கார்டின் மேல் மட்டும் இல்லை, போர்ட் பண்ணினவர்கள் மேலும்தான். ராட்செட் அண்ட் கிளாங்க் ரிஃப்ட் அபார்ட் எஸ்எஸ்டி இல்லாமல் முடியவே முடியாத கேம் என்ற ரீதியில் விளம்பரமானது. அதே கேம் 2023 ஜூலையில் பிசிக்கு வந்தபோது குறைந்தபட்சத் தேவையில் சாதா ஹார்டு டிஸ்க்கே போட்டிருந்தார்கள். மனசு வைத்தால் முடிகிறது.

இன்னொரு பக்கம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் இருக்கிறது, 10 ஜிபி. அதில் ஸ்பிளிட் ஸ்க்ரீன் ஓடவில்லை என்றுதான் பால்டர்ஸ் கேட் 3 எக்ஸ்பாக்ஸுக்கு 2023 டிசம்பர் வரை தள்ளிப்போனது. இந்தத் தலைமுறையின் நோஞ்சான் என்று எல்லோரும் திட்டுகிற மெஷின். 8 ஜிபி கார்டு வைத்திருக்கிறவன் அது நீடூழி வாழ வேண்டும் என்று மாசாணியம்மனுக்கு வேண்டிக்கொள்ளலாம். அது இருக்கிற வரை கேம் கம்பெனிகள் சின்ன மெமரிக்கும் கணக்குப் போட்டாக வேண்டும்.

ஆகவே 12 ஜிபி எடு, மாடல் ஒன்று பழசானாலும் பரவாயில்லை, கன்சோல் மாறுகிற வரைக்கும் தாங்கும் என்று அவனுக்கு வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்பினேன். ஜிடிஏ 6-ஐ நினைத்துத்தான் வாங்குகிறாய் என்றால் 2026 நவம்பர் 19 என்று அறிவித்திருப்பது பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும்தான், பிசிக்குத் தேதியே சொல்லவில்லை என்றும் சேர்த்தேன்.

நேற்று சாயங்காலம் கூப்பிட்டான். கடையில் 12 ஜிபி ஸ்டாக் இல்லையாம், அடுத்த வாரம் வா என்றார்களாம். மில்லில் லீவு கிடைக்காது என்று 8 ஜிபி-யே எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். "பரவால்லீங்களாண்ணா?" என்றான். ஓடுதா என்று கேட்டேன். சூப்பரா ஓடுதுங்ணா என்றான். முதலில் என்ன போட்டே என்றேன். சான் ஆண்ட்ரியாஸ்.